மாடு நிக்கிற எடத்துக்கு அட்சரேகை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ஒரு கம்பெனியின் பழைய சாஃப்ட்வேரில் இருக்கும் விவரங்களை எடுத்துப் புது சாஃப்ட்வேரில் சேர்க்கிற வேலை என்று சொல்வேன். அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு இந்தப் பதில் இன்றுவரை திருப்தி தரவில்லை. "பென்டிரைவ்ல போட்டா ரெண்டு நிமிஷம். அதுக்கு எதுக்கு தெனம் சிறுசேரி வரைக்கும் போயிகினு வர்ற?" என்பார். பல நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்ததுண்டு. செங்கல்பட்டு வண்டிக் கம்பெனி வேலைக்குப் பிறகு வருவதில்லை.

அது ஐடி ஆபீஸ்களுக்கு வண்டி விடுகிற கம்பெனி. ஊழியர்களை வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஓஎம்ஆர் ஆபீஸ்களில் இறக்க வேண்டும், ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் அவர்களுடைய கன்ட்ரோல் ரூம். மூன்று மேஜை, ஐந்து போன், ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் கருப்புத் திரையில் பச்சை எழுத்தாக ஒரு சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. மவுஸை எவ்வளவு அசைத்தாலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. எல்லாம் கீபோர்டின் மேல்வரிசை பட்டன்கள்தான். எழுதிக்கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அணைத்தால் திரும்ப வருமோ வராதோ என்று அதை யாரும் அணைப்பதே இல்லை.

ஓனருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. "வண்டி எங்க வருதுன்னு செல்போன்ல பாக்கணும்ன்றாங்கம்மா கஸ்டமருங்க. இதுல இன்னாத்த காட்டறது?" என்று பச்சை எழுத்தைக் காட்டினார். புது சாஃப்ட்வேர் வாங்கியாயிற்று. பழையதிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொடுக்க என் ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள். மூன்று வாரம் டைம்.

வண்டிகள், டிரைவர்கள், பயணிகள், ஷிஃப்ட் நேரங்கள் எல்லாம் முதல் நாலு நாளில் சமர்த்தாகப் புதுவீடு போய்ச் சேர்ந்துவிட்டன. மாட்டிக்கொண்டது ஸ்டாப்புகளில். நானூற்றுச் சொச்சம் ஸ்டாப்புகள். ஒவ்வொன்றுக்கும் பழைய சாஃப்ட்வேரில் இருபது எழுத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பேச்சு. 'மாடு நிக்கிற எடம்' என்று ஒன்று. 'பச்ச கேட்டு வூடு' என்று ஒன்று. 'யானத்தல' என்று ஒன்று. 'நாய் கார்னர்' என்று மூன்று. இருபது எழுத்தைத் தாண்டினால் கட்டம் வெட்டிவிடும் என்பதால் 'கோயில் தாண்டி ரெண்' என்று பாதியில் நிற்பவை ஒரு ஐம்பது அறுபது. புது சாஃப்ட்வேருக்கோ ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே விடாது.

மாடிப்படியில் நின்று என் மேனேஜரிடம் போனில் சொன்னேன்: "டேட்டா ரொம்ப அழுக்கா இருக்கு சார். சுத்தம் பண்ணவே ஒரு வாரம் ஆகும்." எங்கள் தொழிலில் அப்படித்தான் பேசுவோம். பேசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் உட்கார்ந்ததும் எதிர் மேஜை அக்கா போனைக் கீழே வைத்தார். கன்ட்ரோல் ரூமை நடத்துகிறவர் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலை நிறையப் பூ, கழுத்தில் கண்ணாடிக் கயிறு, காதில் எந்நேரமும் ஒரு போன். எந்த வண்டி எங்கே என்று எழுதிவைக்காமலே சொல்லக்கூடியவர்.

"அழுக்கா கீதுன்னு சொன்னியாமே?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. "அக்கா, அது வந்து…"

"பதினெட்டு வருஷமா நா ஒருத்தி தான் அதுல போட்டுகினு வரேன். ஒருநாளு கூட குளிக்காம வந்து போட்டதில்ல."

அவர் சிரிக்கவில்லை. நான் அவசரமாக விளக்கினேன். அழுக்கு என்றால் அந்த அர்த்தமில்லை, ஒரே பேரு மூணு இடத்தில் வருவது, பாதியில் நிற்பது, இதையெல்லாம் எங்கள் பாஷையில் அப்படிச் சொல்வோம் என்றேன். விளக்க விளக்க மோசமானது. "பாதில நிக்கறது என் தப்பா? அது தான் எடம் வுட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. டீ வந்தபோது எல்லோருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை.

அக்காவின் உதவியில்லாமலே முடித்துவிடலாம் என்று எனக்கும் கொஞ்சம் வீம்பு வந்தது. எல்லா ஸ்டாப் பெயர்களையும் மொத்தமாக மேப்பில் தேடவிட்டேன். பச்சைக் கேட்டு வேறு மாநிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிற்று. யானைத்தலை கேரளாவில் ஏதோ ஒரு மலைக்குப் போயிற்று. நாய் கார்னர் மூன்றும் ஒரு பிராணிகள் மருந்துக்கடையில் போய் நின்றன. சாயங்காலம் வீம்பை இறக்கிவைத்துவிட்டு அக்காவின் மேஜைக்கு நாற்காலியை இழுத்தேன்.

"தப்பா பேசிட்டேன்க்கா. எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க தான் சொல்லணும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார். "கேளு."

கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கோயில் தாண்டி ரெண்டாவது ட்ரான்ஸ்ஃபார்மர். திருப்போரூரு. காலைல ஆறு அம்பதுக்கு ரெண்டு பேரு ஏறுவாங்க." அடுத்தது. "அது கோவளம் பக்கம். தண்ணி டேங்க்குக்கு எதிர்ல." ஒன்றுகூடத் தடுமாறவில்லை. நான் மகிழ்ந்துபோய் லேப்டாப்பில் மேப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுல காட்டுங்கக்கா. நா புள்ளி வச்சிக்கறேன்."

அவர் வெகுநேரம் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மேப் பார்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, மற்ற இரண்டு மேஜைக்கும் கேட்காத மாதிரி சொன்னார்:

"நா அந்த எடத்துக்கெல்லாம் போனதே இல்லம்மா."

"எந்த இடத்துக்கு?"

"எந்த எடத்துக்குமே."

பதினெட்டு வருஷமாகக் காலை ஆறிலிருந்து மாலை வரை அந்த நாற்காலிதான். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஏதோ ஒரு டிரைவர் போனில் சொன்னது. மாமல்லபுரத்துக்குக் குடும்பத்தோடு நாலைந்து தடவை போயிருக்கிறார். பஸ்ஸில் போய், கோயில் பார்த்து, கடற்கரையில் உட்கார்ந்து, பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். ஒரு ஸ்டாப்பைக்கூட நேரில் கண்டதில்லை. "அவங்க சொல்வாங்க. நா போடுவேன். மனசுக்குள்ள ஒரு எடம் வந்துடும்" என்றார்.

மறுநாள் ஓனரிடம் போய் நின்றேன். ஒரு கார், ஒரு டிரைவர், மூன்று நாள், கூடவே அக்கா வேண்டும் என்றேன்.

"அவங்க உன்கூட வந்துட்டா கன்ட்ரோல் ரூம யாரு பாக்கறது?"

"நீங்க பாருங்க சார்" என்றார் பின்னால் நின்றிருந்த அக்கா.

ஓனர் சிரித்துவிட்டார். மூன்று நாளும் உண்மையிலேயே அவர்தான் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அக்காவுக்குப் போன் வரும். "அந்தக் கீச்சுக்குரல் பொண்ணு எந்த வண்டி?" என்று கேட்பார். அக்கா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்.

எங்களுக்கு வந்த டிரைவர் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயது. பாதி ஸ்டாப்புகளுக்குப் பேர் வைத்தவரே அவர்தான் என்று வண்டி கிளம்பியதும் தெரிந்தது. அக்கா அவரை அண்ணாத்த என்றார். போனில் பேசுகிற குரல்தான் அதிகம், சேர்ந்து ஒரே வண்டியில் போவது அதுதான் முதல் தடவை என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். அக்கா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மடியில் ஸ்டாப் பட்டியலை அடித்த நீளக் காகிதம், கையில் பேனா. நான் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, போனைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு எண்களையும் குறிப்பேன். அவர் டிக் அடிப்பார்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் முதல் வம்பு. வண்டியை ஓரங்கட்டி, "இதான் மாடு நிக்கிற எடம்" என்றார் அண்ணாத்த. சாலையோரம் ஒரு வேலி, ஒரு போஸ்ட், கொஞ்சம் புல். மாடு இல்லை.

"எங்க மாடு?" என்றார் அக்கா.

எதிரில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் மூன்று பேரையும், நான் பிடித்திருந்த போனையும் பார்த்துவிட்டுக் கேட்டார். "மாடா? அது காலைல ஆறுக்கு வந்து நிக்கும். வெயில் வந்தா போய்டும். உங்களுதா?"

அண்ணாத்த வெற்றியோடு திரும்பினார். "நமக்கு இங்க ஆறேகால் பிக்கப்பு. நா சொன்னது கரெக்ட் தானே?" அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். டிக் அடித்தார். நானும் மாடில்லாத மாட்டின் அட்சரேகையைக் குறித்துக்கொண்டேன்.

மாமல்லபுரத்துக்கு முன்னால் ஒரு சிற்பக்கூடத்தின் வாசலில் யானைத்தலை. அக்கா அதற்காகவே காத்திருந்தார் என்று தெரிந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே கண்ணாடியை இறக்கிவிட்டார். வாசலில் வரிசையாகப் புத்தர்கள், கல் விளக்குகள், வெள்ளைப் பொடி படிந்த ஒரு ஃபேன். யானை இல்லை.

சிற்பக்கூடக்காரர் உளியை வைத்துவிட்டு வந்தார். "அந்த யானை வித்துப் போயி அஞ்சு வருஷம் ஆவுது. தும்பிக்கை வேலை முடியாம தலை மட்டும் ரொம்ப நாளு இங்க கெடந்தது. ஏன், யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல, எங்க வண்டி இங்க நிக்கும்" என்றார் அக்கா.

"அது தெரியும். உங்க வண்டிக்கு வர்றவங்களும் யானைன்னு தான் சொல்றாங்க."

அக்கா இறங்கி, யானை கிடந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். "நா இவ்ளோ பெருசா நெனச்சிருந்தேன்" என்று இரண்டு கையையும் விரித்தார். சிற்பக்கூடக்காரர் தன் இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். அக்கா கொஞ்சநேரம் அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல" என்றார். வண்டியில் ஏறியதும், "நா யானை படுத்துகினு கீது, அது மேல ஏறி புள்ளைங்க வெளையாடுதுன்னெல்லாம் நெனச்சிகினு இருந்தேம்மா" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வழியெல்லாம் இதே கதைதான். பச்சைக் கேட்டு இப்போது நீலக் கேட்டு. 'பெரிய மரம்' என்ற ஸ்டாப்பில் மரம் ரோடு போடும்போது போய்விட்டது. அங்கே அதைவிடப் பெரிய கட்டடம் ஒன்று நின்றது. 'டீக்கடை' என்றதில் மட்டும் டீக்கடை அப்படியே இருந்தது, நாங்களும் இறங்கிக் குடித்தோம். நாய் கார்னர் மூன்றையும் என்ன செய்வது என்று வண்டிக்குள் ஒரு மணி நேரம் வாதம். புது சாஃப்ட்வேர் ஒரே பேரை இரண்டு தடவை ஏற்காது. நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்றார் அண்ணாத்த. மூன்றுமே பழுப்பு. கடைசியில் ஊர்ப் பேரைச் சேர்ப்பது என்று அக்கா தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாம் நாள் மதியம் கேளம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பில் நிறுத்தினோம். ஒரு பெண் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு, துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு மதிய ஷிஃப்ட் வண்டிக்காக நின்றிருந்தாள். நான் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தபோது அக்கா பழக்கதோஷத்தில் கேட்டார்:

"இன்னாம்மா, வண்டி இன்னும் வர்ல?"

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். "நீங்க… கன்ட்ரோல் ரூம் அக்காவா?"

"ஆமா. நீ யாரு?"

பேரைச் சொன்னாள். அக்கா பேனாவை அப்படியே விட்டுவிட்டார். "நீ தானே வயித்துல புள்ளையோட இருந்தப்ப, குலுங்குது, முன் சீட்டு வோணும்ன்னு கேட்டது? ஸ்டாப்ப வூட்டாண்ட மாத்திக் குடுத்தேனே? இன்னா புள்ள?"

"பொண்ணுக்கா. ஸ்கூல் போறா." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏழு வருஷமா உங்கக்கிட்ட பேசறேன். நீங்க வயசானவங்கன்னு நெனச்சேன்."

"நா உன்ன குண்டா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

இருவரும் சாலையோரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான்தான் எடுத்தேன். அவளுடைய வண்டி வந்தபோது அந்த டிரைவரும் இறங்கி, "அக்கா, நீங்களா?" என்று சத்தம் போட்டான். அந்த வண்டி அன்று ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் லேட். லேட்டுக்குக் காரணம் கேட்டு ஓனர் அக்காவுக்கே போன் செய்தார். "டிராஃபிக்கு சார்" என்றார் அக்கா, எங்களைப் பார்க்காமல்.

நாலாவது நாள் எல்லா எண்களையும் புது சாஃப்ட்வேரில் ஏற்றினேன். சோதித்துப் பார்க்க முதலில் ஒரு நகலில். ஓனர், அக்கா, மற்ற இரண்டு மேஜைக்காரர்கள் எல்லோரும் என் பின்னால் நின்றார்கள். மேப் திறந்தது. செங்கல்பட்டு மாவட்டம் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. ஒரு புள்ளியும் இல்லை. மேப்பைச் சின்னதாக்கினேன். இந்தியாவில் இல்லை. இன்னும் சின்னதாக்கினேன். நார்வேக்கும் மேலே, வட துருவத்துக்குப் பக்கத்துப் பனிக்கடலில், நானூற்றுச் சொச்சம் ஸ்டாப்புகளும் கொத்தாக மிதந்தன.

அட்சரேகை இருக்க வேண்டிய கட்டத்தில் தீர்க்கரேகையையும், அதன் கட்டத்தில் இதையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். பத்து வருஷ அனுபவம்.

அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். "இன்னாம்மா, நம்ம புள்ளைங்க அத்தினி பேரையும் ஐஸ்ல நிக்க வச்சிட்டியே." பிறகு என் தோளில் தட்டினார். "டேட்டா அழுக்கா கீதோ?"

அறையே சிரித்தது. நானும்தான். அன்றைக்கு டீ எனக்குத்தான் முதலில் வந்தது.

கட்டங்களை மாற்றிப் போட்டதும் புள்ளிகள் எல்லாம் ஊர் வந்து சேர்ந்தன. புது சாஃப்ட்வேரை விற்றவர்கள் ஸ்டாப்புகளுக்குப் பேரே தேவையில்லை, நம்பர் போதும் என்றார்கள். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தேடிப்பார்த்ததில் 'வேறு பெயர்' என்று ஒரு கட்டம் சும்மா கிடந்தது. அறுபது எழுத்து வரை ஏற்கும், தமிழிலேயே எழுதலாம்.

"அறுபதா?" என்றார் அக்கா. "அப்ப முழுசா எழுதலாமே!"

இரண்டு நாள் போன்களை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, வெட்டுப்பட்டு நின்றவற்றை எல்லாம் முடித்தார். இப்போது தானே பார்த்த இடங்கள் என்பதால் கூடுதலாகவும் எழுதினார். யானைத்தலைக்கு எதிரில் 'யானை இப்ப இல்ல, புத்தர் கீறாரு' என்று இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை மதிய ஷிஃப்டில் புதுசுக்கு மாறினோம். நான் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டிகள் மேப்பில் எறும்பு மாதிரி நகர்ந்தன. ஒரு வண்டி மட்டும் திருப்போரூர் நாய் கார்னருக்குப் போக வேண்டியது சிங்கப்பெருமாள் கோயில் நாய் கார்னரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பயணியை நான் தப்பான ஸ்டாப்போடு இணைத்திருக்கிறேன். நான் திரையில் எங்கே திருத்துவது என்று தேடுவதற்குள் அக்கா போனில் அந்த டிரைவரைத் திருப்பிவிட்டிருந்தார். மற்றபடி எல்லா வண்டியும் நேரத்துக்குப் போயின. அண்ணாத்த மட்டும் சாயங்காலம் மாடியேறி வந்து முறையிட்டார். "போன்ல வழி சொல்ற அந்தப் பொம்பள லெஃப்ட்டுன்றா, அக்கா ரைட்டுன்றாங்க. நா யாரு பேச்ச கேக்கறது? பேஜாரா கீது மேடம்."

எல்லாமே நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. போன்கள் குறைந்ததும் மூன்று மேஜை இரண்டாயிற்று. ஒருவரை ஓனர் டிரைவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஒரு மாதத்தில் வேறு இடம் போய்விட்டார். அந்த மாற்றத்தைச் செய்துகொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, எங்கள் ஆபீஸ் வண்டி ஓஎம்ஆரில் நின்றுவிட்டது. உட்பக்கச் சாலைகள் எல்லாம் தண்ணீர். மேப் அதெல்லாம் தெரியாமல் எங்களை ஏரிக்குள்ளேயே போகச் சொல்லிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு நினைவுக்கு வந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் மழைச் சத்தமும் நாலைந்து போன் மணிகளும்.

"எப்படிக்கா இருக்கு? சிஸ்டம் ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. ஆனா தண்ணி எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியல. அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் ரோடு எறக்கமா இருந்துச்சே, நாம பாத்தோமே, அங்க முழங்கால் அளவு கீதாம். எல்லாரையும் கோயில் வழியா சுத்தி வுட்டுகினு கீறேன். நீ எங்க கீற?"

சொன்னேன்.

"டிரைவர யூ-டர்ன் போடச் சொல்லு. ரெண்டாவது லெஃப்ட்டு மேடு. அதுல பூந்து போ" என்றார். "அப்பறம் பேசறேம்மா, மூணு வண்டி லைன்ல கீது."

அவர் போனை வைத்துவிட்டார். நான் எழுந்து முன் சீட்டுக்குப் போய், டிரைவரிடம் யூ-டர்ன் போடச் சொன்னேன்.